பன்றித் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத கயிறு

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் ஆடிப்பட்டத்துக் கடலை போட்டிருக்கிறேன். 55 நாள் பயிர். பிஞ்சு பிடித்தால் காட்டுப்பன்றி வந்துவிடும். போன வருஷம் மூன்றே ராத்திரியில் கால்வாசிக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் அகச்சிவப்பு சென்சார் ஒன்று செய்திருக்கிறாள். கையைக் காட்டினால் பஸ்ஸர் அடிக்கிறது. ஒரு சாண் தாண்டினால் அடிப்பதில்லை. காட்டுப்பக்க வரப்பு 50 மீட்டர் நீளம். எல்.இ.டி.யை நாலைந்தாகக் கூட்டினால் அவ்வளவு தூரம் பிடிக்குமா? பக்கத்துக் கொல்லைக்காரர், "இதெல்லாம் விளையாட்டு, கம்பியைக் கட்டி லைனைக் கொடு" என்கிறார். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அரூர் வட்டம்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லைனைக் கொடுக்காதீர்கள். மோட்டாருக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேலிக் கம்பியில் விட்டால் அது பன்றி, மாடு, மனிதன் என்று பார்ப்பதில்லை. விடியற்காலை வெளிக்குப் போகிறவர், மடை திருப்ப வரும் பங்காளி, தூக்கக் கலக்கத்தில் கம்பியை மறந்துபோன வீட்டுக்காரர் என்று யார் யாரோ இதில் செத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரங்களில் யானைகளும் செத்திருக்கின்றன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் அது மின் திருட்டு. காட்டுப்பன்றியோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. ஒரு பயிர் போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். (கடையில் விற்கும் சோலார் வேலி வேறு. அது நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக மட்டும் அடிப்பது. அதற்கும் விதிமுறை உண்டு. அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.)

இனி உங்கள் மகளின் சென்சார். அவர் செய்திருப்பது அனேகமாக இரண்டு எல்.இ.டி. பக்கம் பக்கமாக நிற்கும் வகை. ஒன்று கதிரை அனுப்பும். கருப்பாக இருக்கும் மற்றது, கையில் பட்டுத் திரும்பும் கதிரை வாங்கும். ஒரு எல்.எம். 393 ஐ.சி. இரண்டையும் ஒப்பிட்டு பஸ்ஸரை அடிக்கும். மேசைமேல் வைத்துக் காட்ட அருமையான பொருள். ஆனால் அதற்கு எட்டும் தூரமே 20, 30 சென்டிமீட்டர்தான். வெயிலில் வைத்தால் சும்மாவே அடித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் சூரியனிடமிருந்தும் அதே கதிர் வருகிறது.

எல்.இ.டி.யைக் கூட்டினால் போதுமா என்று கேட்டீர்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் டார்ச் வெளிச்சத்தில் எதிரே நிற்கும் ஆளை நீங்கள் பார்ப்பது நூறு, இருநூறு அடிவரைதான். அதே டார்ச்சை அவர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்த்துவிடுவார். வெளிச்சம் போய்ப் பட்டுத் திரும்பி வருவதற்கும், நேராக ஒரு கண்ணில் போய் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. நேராக விழும் வெளிச்சம், தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகும். பட்டுத் திரும்பும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது இப்போதுள்ள முறையில் ஒரு சாணை இரண்டு சாணாக்கவே பதினாறு மடங்கு வெளிச்சம் வேண்டும். 50 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் எல்.இ.டி. மூட்டைக் கணக்கில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அதனால் முதல் வேலை, அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிப்பது. வரப்பின் ஒரு கோடியில் அனுப்பும் பெட்டி, மறு கோடியில் வாங்கும் பெட்டி. நடுவில் கதிர் ஒரு கயிறு மாதிரி நிற்கும். பன்றி குறுக்கே வந்தால் கயிறு அறும், மணி அடிக்கும். மகளிடம் 'பிரேக் பீம்' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இரண்டாவது வேலை, சூரிய வெளிச்சத்திலிருந்தும் மற்ற விளக்குகளிலிருந்தும் நம் கதிரைத் தனியாக அடையாளம் காண்பது. டிவி ரிமோட் இதைத்தான் செய்கிறது. கதிரைச் சும்மா எரிய விடாமல் நொடிக்கு 38,000 முறை அணைத்து ஏற்றுகிறது. டிவிக்குள் இருக்கும் மூன்று கால் ரிசீவர் அந்த 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் கவனிக்கும், மற்றதைத் தள்ளிவிடும். டி.எஸ்.ஓ.பி. 1738 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பழைய டிவி, செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதிலிருந்தும் கழற்றலாம், ஆனால் கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், பார்த்து இணைக்க வேண்டும். இரண்டு பென்சில் செல்லில் ரிமோட் 8, 10 மீட்டர் போகிறதே, அந்த வித்தைதான்.

இங்கே பலபேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 555 ஐ.சி.யில் 38 கிலோஹெர்ட்ஸ் உண்டாக்கி, அதை இடைவிடாமல் அனுப்புவார்கள். முதல் நொடியில் ரிசீவர் வேலை செய்யும், பிறகு தூங்கிவிடும். பழுது என்று நினைத்து ரிசீவரை மாற்றுவார்கள். அதுவும் தூங்கும். ரிசீவர் கெடவில்லை. இடைவிடாமல் வருவது ஏதோ விளக்கின் இரைச்சல் என்று அதுவே முடிவு செய்து தன் காதை மூடிக்கொள்கிறது, அதன் அமைப்பு அப்படி. ஆகவே கொஞ்சம் அனுப்பு, கொஞ்சம் நிறுத்து என்று விட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

மகளுக்கு அளவுகள் சொல்கிறேன், தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு 555 வேண்டும். முதலாவது, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், மேலே 8.2 கிலோ ஓம், கீழே 150 கிலோ ஓம். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு டயோடு (1என் 4148) போட்டால் 0.6 மில்லி விநாடி 'ஆன்', 10 மில்லி விநாடி 'ஆஃப்' கிடைக்கும். அதன் வெளியீடு இரண்டாவது 555-இன் 4-ஆம் காலுக்குப் போகட்டும். இரண்டாவதில் 1 நானோ ஃபாரட், மேலே 1 கிலோ ஓம், கீழே 15 கிலோ ஓமுடன் வரிசையில் 5 கிலோ ஓம் பிரீசெட். இந்தப் பிரீசெட்டைத் திருப்பினால் ஏறக்குறைய 35 முதல் 46 கிலோஹெர்ட்ஸ் வரை போய்வரும், 38 நடுவில் எங்கோ இருக்கும். 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். சாதா செராமிக் போட்டால் பகல் சூட்டுக்கு ஒரு அளவு, ராத்திரிக் குளிருக்கு ஒரு அளவு என்று நகர்ந்துவிடும்.

விட்டுவிட்டு அனுப்புவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எல்.இ.டி. நூறில் மூன்று பங்கு நேரமே எரிகிறது. மீதி நேரம் ஆறிக்கொள்கிறது. அதனால் எரியும் கணத்தில் நன்றாகவே அழுத்திக் கொடுக்கலாம். 555-இல் நேராக மாட்டி 20 மில்லி ஆம்பியர் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு டிரான்சிஸ்டர் வழியே 200 மில்லி ஆம்பியர் கொடுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு எல்.இ.டி.யோடு வரிசையில் 56 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். டிரான்சிஸ்டர் பி.சி. 337 அல்லது எஸ்.எல். 100, பேஸில் 1 கிலோ ஓம். கையில் இருக்கிறதே என்று பி.சி. 547-ஐப் போட வேண்டாம், அது 100 மில்லி ஆம்பியர் ஆள். எல்.இ.டி. 940 நானோமீட்டர் வகையாக இருக்கட்டும், ரிசீவர் நன்றாகப் பார்ப்பது அந்த அளவைத்தான். குறுகிய கோணமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பரந்து அடிப்பது அறைக்குள் ரிமோட்டுக்கு நல்லது, வரப்புக்கு வீண்.

ரிசீவர் பக்கம் 5 வோல்ட். 7805 போட்டு, அதிலிருந்து 100 ஓம் வழியாக ரிசீவருக்குக் கொடுத்து, ரிசீவரின் காலடியிலேயே 47 மைக்ரோ ஃபாரட் ஒன்றை வைக்க வேண்டும். இந்தச் சின்னக் கெப்பாசிட்டரை விட்டுவிட்டால் வயரில் வரும் இரைச்சலே தூரத்தைப் பாதியாக்கிவிடும். நம் ஊரில் செய்யும் பெரும்பாலான சென்சார்களில் இதுதான் விட்டுப்போயிருக்கும்.

38-க்குச் சரியாக வைக்க ஆஸிலோஸ்கோப் இல்லையே என்று கவலை வேண்டாம். வீட்டுக்குள் இரண்டையும் எதிரெதிரே வைத்து, எல்.இ.டி. முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடியுங்கள். ரிசீவரின் விளக்கு அணைந்தால் பிரீசெட்டைத் திருப்பி ஏற்றுங்கள். இன்னொரு தாள். மறுபடி திருப்புங்கள். இன்னும் ஒரு தாள் வைத்தால் எப்படித் திருப்பினாலும் ஏறாது என்கிற நிலை வரும்போது பிரீசெட் சரியான இடத்தில் நிற்கும். அங்கே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அசையாமல் செய்துவிடுங்கள். 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றாலே உணர்திறன் நன்றாகக் குறைந்துவிடும், அதனால் இந்த அரைமணி நேர வேலை வீண் போகாது.

இவ்வளவும் செய்தால் லென்ஸ் இல்லாமலே ராத்திரியில் 15 மீட்டர் அளவுக்கு எதிர்பார்க்கலாம். 50-க்குப் போவதற்கு மின்சாரத்தைக் கூட்டிப் பயனில்லை. தூரம் மூன்று மடங்குக்கு மேல் என்றால் வெளிச்சம் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். எல்.இ.டி. தாங்காது. இங்கேதான் ஸ்டேஷனரி கடையில் விற்கும் பூதக்கண்ணாடி கைகொடுக்கிறது.

ரிசீவரின் கண் 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் முன் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால், விட்டம் பத்து மடங்கு, பரப்பு நூறு மடங்கு. லென்ஸில் விழும் கதிர் முழுவதும் குவிந்து அந்தச் சின்னக் கண்ணில் விழும். கண்ணாடியிலும் குவிப்பிலும் கொஞ்சம் போனாலும் தூரம் பல மடங்கு கூடும். அதுவும் ஒரு பைசா மின்சாரம் கூடச் செலவில்லாமல். மழைத்தண்ணீரைத் தகரக் கூரையில் பிடிப்பதற்கும் சொம்பில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கத்திலும் இன்னொரு லென்ஸ் வைத்தால் விரிந்து சிதறும் கதிர் ஒழுங்காகச் சேர்ந்து போகும்.

செய்முறை: பாசனத்துக்குப் போட்டு மிச்சமான 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் துண்டு எடுத்து, உள்பக்கம் பளபளப்பில்லாத கருப்புப் பெயின்ட் அடியுங்கள். லென்ஸை வெயிலில் பிடித்து, தாளில் புள்ளி மிகச் சிறிதாகும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 12 சென்டிமீட்டர் என்றால் லென்ஸிலிருந்து 12 சென்டிமீட்டரில் எல்.இ.டி. நிற்க வேண்டும். அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடக் கொஞ்சம் தள்ளிக் குவியும், 12 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதனால் எல்.இ.டி.யை இறுக ஒட்டிவிடாமல், முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி ஒரு மரக்கட்டையில் பொருத்துங்கள். லென்ஸுக்கு முன்னால் குழாய் இன்னும் ஒரு சாண் நீளட்டும். பனியும் பக்கத்து வெளிச்சமும் நேரே படாது.

இப்போது உங்கள் கேள்விக்கு முழுப் பதில். லென்ஸ் வைத்த பெட்டிக்குள் ஒரே ஒரு எல்.இ.டி. போதும். நாலைந்து வைத்தால் குவியும் புள்ளியில் ஒன்றுதான் நிற்க முடியும், மற்றவை ஆளுக்கொரு திசையில் அடித்துக்கொண்டிருக்கும்.

12 சென்டிமீட்டர் லென்ஸில் கதிர் 50 மீட்டர் போகும்போது ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். இது குறை என்று நினைக்காதீர்கள். இந்த அகலம்தான் உங்கள் தலைவலியைக் குறைக்கிறது. லேசர் பேனாவை வைத்துச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். மேசைமேல் செய்யலாம். வரப்பில் கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தால் 50 மீட்டரில் கதிர் முக்கால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், லேசர் புள்ளி தவறிப் போய்விடும். கரிசல் நிலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் கம்பம் எவ்வளவு சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செம்மண்ணிலும் மரக்குச்சி நட வேண்டாம். கல்தூண் அல்லது கான்கிரீட்டில் ஊன்றிய ஜி.ஐ. குழாய் நடுங்கள்.

நேர்படுத்துவது பொழுது சாய்ந்த பிறகு. முதலில் அகச்சிவப்பு எல்.இ.டி. இருக்கும் இடத்தில் பிரகாசமான சிவப்பு எல்.இ.டி. ஒன்றை மாட்டுங்கள். மறு கோடியில் ரிசீவர் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் அனுப்பும் லென்ஸ் முழுக்கச் சிவப்பாகத் தெரியும்வரை திருப்பலாம். அப்புறம் எல்.இ.டி.யை மாற்றி, 2 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள். கதிர் வருகிறதா என்று பார்க்க செல்போனின் முன்பக்கக் கேமரா போதும். பின்பக்கக் கேமராவில் பல போன்களில் வடிகட்டி இருப்பதால் தெரியாது. டிவி ரிமோட்டை அமுக்கிப் பார்த்து முதலில் உங்கள் போனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். ஓர் அட்டையில் 25 மில்லிமீட்டர் துளை போட்டு அனுப்பும் லென்ஸின் முன் பிடியுங்கள். இப்போது கால் பங்கு கதிர்தான் போகிறது. அப்போதும் ரிசீவர் பிடித்தால், பனி, தூறல், லென்ஸ் மேல் தூசி எல்லாவற்றுக்கும் தாங்கும் இருப்பு உங்களிடம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் இன்னும் நேர்படுத்துங்கள். மார்கழிப் பனியில் தோற்பதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

திசையில் ஒரு எச்சரிக்கை. ரிசீவர் குழாயைக் கிழக்கோ மேற்கோ பார்த்து வைக்காதீர்கள். காலையில் அல்லது மாலையில் சூரியன் நேரே லென்ஸுக்குள் வந்தால், பூதக்கண்ணாடியில் தாளைக் கொளுத்துகிறோமே, அதே கதைதான். ரிசீவர் உருகிவிடும். வடக்கு பார்த்து வைக்க முடிந்தால் அதுதான் சிறப்பு. வரப்பே கிழக்கு மேற்காக ஓடினால் காலையில் மூடி போட்டு, இருட்டிய பிறகு மூடியை எடுங்கள். லென்ஸை வெயிலில் திறந்தபடி சருகு மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகவும் வேண்டாம்.

உயரம் ஒன்றரை அடி என்றால் பன்றியின் உடம்பில் படும். ஆனால் நாய், முயல், மயில் என்று எது போனாலும் அடிக்கும். ஒரு வாரம் இப்படி அடித்தால் எட்டாம் நாள் நீங்களே சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள், பன்றி அன்றைக்குத்தான் வரும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, கதிர் கொஞ்ச நேரமாவது அறுந்திருந்தால்தான் மணி அடிக்க வேண்டும். காணாமற்போன துடிப்பைக் கண்டுபிடிக்கும் 555 சுற்று என்று மகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். அதில் 100 கிலோ ஓம், 3.3 மைக்ரோ ஃபாரட் போட்டால் 0.36 விநாடிக் கெடு கிடைக்கும். பறந்து போகும் வௌவாலும் ஆந்தையும் அந்தக் கெடுவுக்குள் கடந்துவிடும். நடந்து வரும் பன்றி கடக்காது. இரண்டாவது வழி கொஞ்சம் செலவு. ஓரடியில் ஒன்றும் இரண்டடியில் ஒன்றுமாக இரண்டு ஜோடி வைத்து, இரண்டும் சேர்ந்து அறுந்தால் மட்டும் அடிக்கச் செய்வது. முயலும் கீரியும் கீழ்க் கதிரை மட்டும் அறுத்துவிட்டுப் போய்விடும். முதலில் ஒரு ஜோடியோடு ஆரம்பியுங்கள்.

கதிர்ப் பாதையில் புல் முளைக்க விடாதீர்கள். காற்றில் ஆடும் ஒரு சோளத்தட்டை ராத்திரி முழுக்க உங்களை எழுப்பும். குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டும், குளவி மண் வைக்கும். வாரம் ஒருமுறை மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்துவிடுங்கள்.

மின்சாரம் பெரிய விஷயமே இல்லை. அனுப்பும் பெட்டி இழுப்பது 30 மில்லி ஆம்பியருக்குள். 12 மணி நேரத்துக்கு அரை ஆம்பியர் அவர்கூட ஆகாது. 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரியும் 5 வாட் சோலார் பேனலும் ஒரு பக்கத்துக்குப் போதும். ஐ.சி., எல்.இ.டி., ரிசீவர் எல்லாம் சில்லறைக் காசு. சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, மாவட்டத் தலைநகர்க் கடையிலேயே கிடைக்கும். செலவு பேட்டரிக்கும் பேனலுக்கும்தான்.

கடைசியாக ஒன்று. மணி பன்றிக்காக அல்ல, உங்களுக்காக. சைரனைக் கொல்லையில் வைத்து ஒரே சத்தத்தை அடித்தால் சில நாளில் பன்றி பழகிவிடும். கயிற்றுக் கட்டில் பக்கத்தில் மணி அடிக்கட்டும், கொல்லையில் ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். எழுந்து போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பன்றி வந்த வழியே ஓடும், அந்த வழியில் நிற்காதீர்கள். குட்டியோடு வரும் பெட்டை நேரே பாயும்.

கேள்வி: கோழிக் கொட்டகையில் கீரி, பூனை வருவதைக் கண்டுபிடிக்க பி.ஐ.ஆர். சென்சார் வாங்கி வைத்தோம். நன்றாக வேலை செய்தது. மழை படாமலிருக்க அதன் முன்னால் கண்ணாடி போட்டோம். அன்றிலிருந்து எதையும் பிடிக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் சரியாகுமா?
(மகளிர் குழு வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: கண்ணாடியை எடுத்துவிடுங்கள் அம்மா, சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. பி.ஐ.ஆர். பார்ப்பதும் அகச்சிவப்புதான், ஆனால் மேலே சொன்னது போன்றதல்ல. உடம்புச் சூட்டிலிருந்து வரும், பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள நீண்ட அலை. ஜன்னல் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் நம் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அந்த அலைக்குச் சுவர். அக்ரிலிக் தகடும் அப்படித்தான். பாலித்தீன் மட்டும் விடும். சென்சார் மேல் கொப்புளம் கொப்புளமாக இருக்கும் வெள்ளை மூடி பாலித்தீன் வகையால் ஆனதே அதற்குத்தான். அதுவே லென்ஸ். மழைக்கு மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். சாரல் அடிக்கும் இடமானால் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை இழுத்துக் கட்டலாம், ஆனால் அது காற்றில் படபடக்கக் கூடாது.

தூரம் கூட்ட, அதிலுள்ள இரண்டு திருகுகளில் ஒன்று உணர்திறனுக்கு, மற்றது எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதற்கு. உணர்திறனை முழுக்கத் திருப்பினாலும் சாதாரண எச்.சி. எஸ்.ஆர். 501 வகை 7 மீட்டர்தான் பார்க்கும், அதுவும் ஆள் அளவு உருவத்தை. கீரிக்கு 2, 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நேரே தன்னை நோக்கி வருவதை அது சரியாகக் காணாது, குறுக்கே போவதை உடனே காணும். ஆகவே கீரி நுழையும் பொந்தைப் பார்த்து வைக்காமல், கீரி சென்சாருக்குக் குறுக்கே போகிற மாதிரி சுவரோரத்தில் பக்கவாட்டில் வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் மாலை வேளையில் அது மந்தமாகும். சுவரும் தரையும் உடம்புச் சூட்டுக்குச் சமமாகக் காய்ந்திருந்தால், எது சுவர், எது கீரி என்று அதற்குத் தெரியாது. தரை ஆறிய பிறகு தானாகச் சரியாகிவிடும். கோழிகள் நடமாடும் உள்பக்கம் பார்த்து வைத்தால் ராத்திரி முழுக்க அடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குக் கெடுதலா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
(வாசகர், நாமக்கல்)

பதில்: வரப்பில் போகிறவர் மேல் படுவதால் ஒன்றும் இல்லை. ஆனால் லென்ஸ் வைத்த பெட்டிக்குள் கண்ணைக் கிட்டே வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது. பளிச்சென்ற வெளிச்சமானால் கண்பாவை சுருங்கும், இமை மூடும். இது தெரியாத வெளிச்சம் என்பதால் இரண்டும் நடக்காது. குழாயின் வாயில் கம்பி வலை ஒன்றை மாட்டிவிட்டால் பிள்ளைகள் முகத்தைக் கிட்டே கொண்டுபோக மாட்டார்கள். சிவப்பு எல்.இ.டி. வைத்து நேர்படுத்தும்போது பார்ப்பது மறுகோடியிலிருந்து, அதில் பயமில்லை.

கேள்வி: எங்களுக்குப் பன்றி இல்லை, யானை. இதே கருவி ஆகுமா?
(வாசகர், தாளவாடி)

பதில்: முன்னறிவிப்புக்கு ஆகும், விரட்டுவதற்கு ஆகாது. கதிரை ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள், மாடும் மனிதரும் பெரும்பாலும் கீழே போய்விடுவார்கள், மணி வீணாக அடிக்காது. தனியாக நிற்கும் கம்பத்தை யானை பிடுங்கிப் பார்க்கும், அதனால் பருத்த அடிமரத்திலோ பாறையிலோ பெட்டியைக் கட்டுங்கள். பயிர் ஓரத்தில் வைத்தால் மணி அடிக்கும்போது யானை பயிருக்குள் இருக்கும், ஆகவே வரும் தடத்தில் வெகுதூரம் முன்னால் வைத்து, மணியை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள். அடித்தால் வெளியே போகாமல் பக்கத்து வீடுகளுக்கும் வனத்துறைக்கும் போன் செய்யுங்கள். அந்த எண்ணை மணிக்குப் பக்கத்திலேயே சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.